மடிநோய்: ஊசிக்கு முன் பால் மாதிரி (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்கள் கலப்பினப் பசுவுக்கு இடது பின்காம்பில் மூன்றாவது முறையாக மடிநோய். காம்புக்குள் மருந்து டியூப் ஏற்றினால் பால் தெளிகிறது; இரண்டு வாரத்தில் மறுபடியும் திரிகிறது. பாலைக் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். எப்படி எடுத்துப் போவது? – வாசகர், ஓமலூர்

பதில்: டாக்டர் சொன்னதுதான் சரி. அதே காம்பில் மூன்றாம் முறை வந்த பிறகு எந்த டியூப் என்று யோசிப்பதில் பயனில்லை. உள்ளே இருப்பது எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும். அடுத்த மருந்து போடுவதற்கு முன்பே மாதிரியை எடுத்துவிடுங்கள். மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த பாலில் கிருமி இருந்தாலும், ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் வளராமல் போகலாம். 'கிருமி இல்லை' என்று சீட்டு வரும், நோய் அப்படியே இருக்கும். மாடு காய்ச்சலோடு தீனி எடுக்காமல் நின்றால் மட்டும் முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள். மாதிரியை எடுத்துவிட்டு உடனே சிகிச்சையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

ஆய்வகத்திலேயே கிருமிநீக்கம் செய்த குழாய் கேட்டு வாங்கலாம். கிடைக்காவிட்டால், மருந்துக்கடையில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு விற்கும் உறை பிரிக்காத டப்பா போதும். வீட்டில் கழுவிய மருந்துப் பாட்டில் வேண்டாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். காம்பைக் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஈரக் காம்பில் வழியும் அழுக்குத் தண்ணீர் நேரே குழாய்க்குள் போய்விடும். முதல் மூன்று நான்கு பீய்ச்சலைத் தனியே ஒரு பாத்திரத்தில் விட்டுக் கொட்டிவிடுங்கள். பிறகு 70 சதவீத ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைத் தேயுங்கள்; பஞ்சில் அழுக்கு ஒட்டாமல் வரும்வரை புதுப் பஞ்சு எடுங்கள். நான்கு காம்பிலும் எடுப்பதானால் துடைப்பது அந்தப் பக்கத்துக் காம்பிலிருந்து, பால் எடுப்பது உங்கள் பக்கத்துக் காம்பிலிருந்து. இல்லாவிட்டால் துடைத்த காம்பில் சட்டைக் கை உரசிவிடும்.

குழாயைச் சாய்த்துப் பிடியுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் மடியிலிருந்து உதிரும் மயிரும் சாணித் துகளும் உள்ளே விழும். மூடியைத் தரையில் வைக்காமல் உட்புறம் கீழே பார்க்கும்படி சுண்டுவிரலில் பிடித்துக்கொள்ளலாம். 5 மில்லி பால் போதும். எந்தக் காம்பு, என்ன தேதி, கடைசியாக என்ன மருந்து எப்போது போட்டது என எழுதி ஒட்டி, ஐஸ் வைத்த பிளாஸ்கில் 24 மணி நேரத்துக்குள் சேருங்கள். சாதாரண வெப்பத்தில் விட்டால் தவறி விழுந்த இரண்டொரு சாணிக் கிருமி பெருகி, உண்மையான கிருமியை மறைத்துவிடும். தட்டில் மூன்று நான்கு வகை சேர்ந்து முளைத்தால், மாதிரி கெட்டுவிட்டது, மறுபடி எடுங்கள் என்பார்கள். சலித்துக்கொள்ளாமல் எடுத்துக் கொடுங்கள்.

ஆய்வகத்தில் கிருமியைப் பிரித்தெடுத்து ஊடகத் தட்டில் பரப்பி, மேலே 6 மில்லிமீட்டர் அகல மருந்துச் சில்லுகளை வைத்து இரவு முழுக்க வெதுவெதுப்பில் விடுவார்கள். காலையில் தட்டெங்கும் கிருமி மங்கலாகப் படிந்திருக்கும். வேலை செய்யும் மருந்தைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் தெரியும். பெரிய வட்டம்தான் சிறந்த மருந்து என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு மருந்துக்கும் தனி அளவுகோல் உண்டு; அதைப் படித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். சீட்டில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியின் பெயர் வந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அது மடித்திசுவின் உள்ளே, தழும்புகளுக்கு நடுவில் பதுங்கும். தட்டில் கேட்கும் மருந்து மடியில் எட்டாமல் போவது அதனால்தான்.

கேள்வி: பால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அளவு குறைகிறது. வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? – வாசகி, திருச்செங்கோடு

பதில்: முடியும். பாகிஸ்தானின் ஃபைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் எளிய சோதனை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் துணி சோப்புத்தூள், அதாவது தலைதட்டிய ஆறு டீஸ்பூன். காம்புக்கு ஒரு கிண்ணமாக நான்கில் பால் பீய்ச்சி, அதே அளவு கரைசல் ஊற்றி ஒரு நிமிடம் சுழற்றுங்கள். தண்ணீராகவே ஓடினால் நல்ல பால். சளிபோல் இழுத்தால், கட்டிதட்டினால் அந்தக் காம்பில் மறைமுக மடிநோய், அதாவது வெளியே தெரியாத மடிநோய். நோயுள்ள பாலில் வெள்ளணுக்கள் மிகுந்திருக்கும். சோப்பு அவற்றை உடைக்க, வெளிவரும் டி.என்.ஏ. இழைகள் பின்னிக் கூழாகின்றன. மடிநோய் கண்டறிய 1957-இல் வந்த கலிபோர்னியா சோதனைக்கும் இதே அடிப்படைதான். கன்று ஈன்ற முதல் வாரத்திலும் பால் வற்றும் நேரத்திலும் செய்யாதீர்கள். நல்ல மடியும் கூழ் காட்டும். கிருமியின் பெயரை இது சொல்லாது. கூழ் கட்டிய காம்பைக் கடைசியாகக் கறந்து, அதிலிருந்து மாதிரி எடுங்கள்.

கேள்வி: மடிநோய்க்குக் கற்றாழை மருந்து உண்மையிலேயே கேட்குமா? – வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முறைப்படுத்திப் பரப்பிய மருந்து அது. தேசியப் பால்வள வாரியமும் அதை எடுத்துக்கொண்டது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் செந்நிற விழுதாக வர வேண்டும். மடியைக் கழுவி, பாலை முழுவதும் கறந்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூசுங்கள். ஒரு நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள். பலரும் காலை மாலை இரண்டு முறையோடு நிறுத்திவிட்டு, கேட்கவில்லை என்கிறார்கள். விழுதை அன்றன்றைக்கு அரையுங்கள். மடி சில்லிட்டு நீலம் பாய்ந்தாலோ மாடு படுத்துவிட்டாலோ இதை நம்பி நேரம் கடத்தாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பால் மாதிரியைக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் கொடுக்கலாமா? – வாசகர், அவிநாசி

பதில்: வேண்டாம். 1976 முதல் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அந்தப் பல்கலைக்கழகத்தின்கீழ்தான் இருந்தது. 1989-இல் கால்நடைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் பிறந்து, கல்லூரி அதற்குப் போய்விட்டது. உங்களுக்கு உடுமலைப்பேட்டை, நாமக்கல் கல்லூரிகள் பக்கம். மாதிரி வாங்கும் நேரத்தைப் போனில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

கேள்வி: ஒரு காம்புக்குத்தான் டியூப் ஏற்றினோம். மற்ற மூன்று காம்புப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றலாமா? – வாசகி, செங்கம்

பதில்: கூடாது. மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளிலும் இறங்கும். உறையில் போட்டிருக்கும் நாள்வரை நான்கு காம்புப் பாலையும் ஒதுக்குங்கள். உறையில் எதுவும் சொல்லாவிட்டால், இந்திய விதிப்படி கடைசி மருந்திலிருந்து குறைந்தது ஏழு நாள். கன்றுக்கும் அந்தப் பாலை ஊட்டாதீர்கள்.