லத்தீன் 'துராரே' (நீடித்தல்) என்ற வினை, லத்தீனிலிருந்து கிளைத்த இன்றைய ரொமான்ஸ் மொழிகளில் எப்படியெல்லாம் வழங்குகிறது?

வினையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. இத்தாலியனில் லத்தீனில் இருந்தபடியே 'துராரே'. ஸ்பானிஷ், போர்த்துக்கீசியம், கட்டலான் மூன்றிலும் எழுத்தில் 'துரார்'. பிரெஞ்சில் உகரம், உதட்டைக் குவித்துச் சொல்லும் இகரமாகி, ஏறத்தாழ 'த்யூரே'. படம் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்க இத்தாலியர் "குவாந்தோ துரா இல் ஃபில்ம்?" என்பார், ஸ்பானியர் "குவாந்தோ துரா லா பெலிகுலா?" என்பார். ருமேனியனிலும் இந்த வினை உண்டு. ஆனால் அது பரம்பரைச் சொத்து இல்லை, பிற்காலத்தில் பிரெஞ்சிலிருந்து வாங்கியது.

மூலம் எது என்பதில்தான் வழக்கு. 'துரூஸ்' என்றால் கடினம். கெட்டியான பொருள் நாள்பட நிற்கும், அதனால் துராரே என்பது பழைய விளக்கம். வேறு சிலர், 'நீண்ட' என்று பொருள்படும் தனி வேர் ஒன்றைக் காட்டுகிறார்கள். சமஸ்கிருத 'தூர'வும் அதே வேர் என்பது அவர்கள் கட்சி. அது சரியென்றால், நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட 'தூரம்' இந்தச் சொல்லுக்கு ஒன்றுவிட்ட உறவு. எனக்கு இந்தக் கட்சிதான் பிடிக்கும். ஆசைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

என்னை அதிகம் ஈர்ப்பது இதன் எச்ச வடிவம். 'மழை பெய்ய, குளம் நிரம்பியது' என்கிறோமே, அதே பாணியில் 'போர் நீடிக்க' என்று லத்தீனில் எழுதினார்கள். அந்த 'நீடிக்க' நாளடைவில் வினைத்தன்மை இழந்து 'போது' என்ற உருபாக உறைந்துவிட்டது. இத்தாலியன், ஸ்பானிஷ், போர்த்துக்கீசியம் மூன்றிலும் 'துராந்தே'. ஆங்கிலத்தின் 'ட்யூரிங்' பிறந்ததும் இதே எச்சத்திலிருந்துதான், பிரெஞ்சு வழியாக. தமிழில் 'பற்றி', 'குறித்து' போன்ற எச்சங்கள் சொல்லுருபானதும் இப்படித்தானே? 'துராந்தே' ஆட்பெயராகவும் இருந்தது. கவிஞர் தாந்தேயின் பெயர் அதன் சுருக்கம்தான்.

பிரெஞ்சில் இன்னொரு விசேஷம். இந்த உருபு பெயருக்குப் பின்னாலும் வரும். 'த்ருவா ஸெர் த்யூரான்' என்றால் 'மூன்று மணி நேரம் முழுக்க'. கிட்டத்தட்ட நம் சொல்வரிசை. ஆனால் அன்றாடப் பேச்சில் 'போது' என்பதற்கு அவர்கள் அதிகம் சொல்வது 'பாந்தான்'. அது 'தொங்கு' என்ற வினையின் எச்சம்.