நகம் மஞ்சளாகி அடியிலிருந்து தூக்குகிறது, பூஞ்சை மருந்துக்கும் கேட்கவில்லை. என்ன செய்வது?

ஊசியோ சேஃப்டி பின்னோ வைத்து நகத்துக்கு அடியில் சுரண்டுகிறீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். வலது கை கட்டைவிரல் நகத்துக்கு அடியில் எண்ணெய்த் துளி பட்டது போல ஒரு மஞ்சள் திட்டு வந்தது. அப்புறம் நகம் சதையை விட்டுத் தூக்கி, அடியில் மாவு போல வெள்ளையாகச் சேர்ந்தது. கொக்கியைப் பிடித்துத் தைக்க முடியாத வலி. எல்லோரும் நகச்சொத்தை என்றார்கள். மருந்துக்கடைக் களிம்பு, பிறகு மூன்று மாதம் பூஞ்சை மாத்திரை. ஒருவர்கூட நகத்தைச் சுரண்டி எடுத்துப் பரிசோதிக்கவில்லை.

கடைசியில் ஒரு தோல் டாக்டரம்மா சோதனைக்கு அனுப்பினார். பூஞ்சை இல்லை. மற்ற நகங்களையும் பார்த்தார். ஊசி குத்தாமல் விரல்நுனியைக் காக்கும் அங்குஸ்தான் மேல் இருக்குமே, அதே போலப் பொடிப்பொடிக் குழிகள். தினமும் விரலில் மாட்டுகிற எனக்கு அது கண்ணில் படவே இல்லை. பொடுகு என்று நான் விட்டிருந்த காதுப்புறச் செதிலும் அதே நோய்தான், சோரியாசிஸ் என்கிற தோல் நோய். காயம் பட்ட இடத்தில் அது இன்னும் கிளம்புமாம். ஊசியால் குத்திக் குத்தி நானே வளர்த்திருக்கிறேன்.

அவர் அடுத்துக் கேட்டார்: "காலையில எழுந்ததும் விரல் மடக்க வருதா?" வரவில்லை. தையல் வேலையால் என்று நினைத்திருந்தேன். நகத்தில் சோரியாசிஸ் இருப்பவர்களுக்கு மூட்டுவாதம் வரும் வாய்ப்பு அதிகம். நகத்தின் வேரும் நுனி மூட்டும் அவ்வளவு பக்கம். கவனிக்காமல் விட்டால் விரலே கோணிப்போகலாம். இதை ஏன் முன்பே ஒருவரும் கேட்கவில்லை என்ற கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது.

மருத்துவம் படிக்காதவள் வைத்தியம் சொல்கிறாள் என்று யாரும் வர வேண்டாம். உங்களுக்குப் பூஞ்சையாகவே இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதனால்தான் சோதனை செய்யச் சொல்கிறேன். மருந்து பலித்தாலும் கைநகம் மாதத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுதாக மாற ஆறு மாதமாவது ஆகும். நகத்தை ஒட்ட வெட்டி வையுங்கள், பாத்திரம் தேய்க்கும்போது கையுறை போடுங்கள்.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. ஆனாலும் ஒரு வளைகாப்பில் சந்தனக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி வைத்தார்கள். பல வருட வாடிக்கைக்காரர் ஒருவர் என் விரலைப் பார்த்துவிட்டு, வெட்டி வைத்த துணியைத் திரும்ப எடுத்துப் போனார். கூலி கேட்டதற்கு, தைக்காததற்குக் காசா என்றார். வெட்டுவதுதான் தையலில் பாதி வேலை. அவருக்கு அது தெரியும்.