பேட்ஸ் தொங்குவது 3ஆம் எண்ணால்தான்

சோதனை ‘ஓகே’ என்று காட்டிய பிறகும் பேட்ஸ் (பாஷ் ஸ்கிரிப்டுகளைச் சோதிக்கும் கருவி) முடியாமல் தொங்குகிறது, ஸ்கிரிப்ட் பின்னணியில் கிளப்பிய சர்வரைக் கொன்றால்தான் நகர்கிறது என்கிறீர்கள். சர்வர் மேல் தப்பில்லை. பேட்ஸ் முடிவுகளை 3ஆம் எண் ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்திருக்கும் கோப்பு அல்லது குழாய்க்கு புரோகிராம் வைத்திருக்கும் எண்) வழியாக அனுப்புகிறது. பின்னணி புரோகிராமுக்கும் அது அப்படியே போய்விடும்; அங்கே திறந்திருக்கும்வரை பேட்ஸ் காத்தே கிடக்கும். ஸ்கிரிப்டை அழைக்கும் வரியின் கடைசியில் 3>&- சேருங்கள்; அது அந்த 3ஐ ஸ்கிரிப்டுக்கு மூடிவிடும்.

வெளியீட்டைப் பிடித்துவைக்கும் பேட்ஸின் ‘ரன்’ கட்டளையை வைத்து அழைத்தால் இது மட்டும் போதாது; சர்வர் அந்த வெளியீட்டு வழியையும் திறந்தே வைத்திருக்கும். சர்வரின் வெளியீடு, பிழை வெளியீடு இரண்டையும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள்.

அப்புறம், சர்வர் எழும்வரை 5 விநாடி காத்திருக்க வைத்த அந்த ‘ஸ்லீப் 5’ஐ தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மெதுவான மெஷினில் என்றாவது காலை வாரிவிடும். சர்வரின் போர்ட் பதில் தருகிறதா என்று 0.1 விநாடிக்கு ஒருமுறை பார்க்கும் லூப் போதும், உச்ச வரம்போடு. $! எண்ணை (கடைசியாகப் பின்னணியில் கிளப்பிய புரோகிராமின் எண்) ஸ்கிரிப்ட் ஒரு கோப்பில் எழுதட்டும். டியர்டவுனில் (ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் பேட்ஸ் ஓட்டும் துப்புரவுப் பகுதி) அதைப் படித்து சர்வரைக் கில் செய்யுங்கள். சோதனை தோற்றாலும் டியர்டவுன் ஓடும்.