வாளின் நடுவில் நீளமாக ஒரு பள்ளம் இருப்பது ஏன்?

அருங்காட்சியகத்தில் பழைய வாள்களைப் பார்த்தால், அலகின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுவதைக் கவனிக்கலாம். 8 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரையிலான வைக்கிங் (வட ஐரோப்பியக் கடலோடிகள்) வாள்களில் இது அகலமாக, ஏறக்குறைய நுனிவரை நீளும்.

காரணம் எடைதான். ஒரு கையில் கேடயம், மறு கையில் வாள். வீசிய வாளை உடனே இழுத்து அடுத்த வெட்டுக்குத் தயாராக வேண்டும். நுனிப்பக்கம் கனமாக இருந்தால் மணிக்கட்டு சீக்கிரமே தளர்ந்துவிடும். சரி, அலகு முழுவதையும் மெல்லியதாகத் தட்டிவிடலாமே? தட்டினால் கேடயத்தில் மோதும்போது தகரம் போல வளையும். அதனால் கொல்லர்கள் நடுவில் மட்டும் இரும்பைக் குறைத்து, பள்ளத்தின் இருபுறமும் தடிமனாக விட்டார்கள். எடை நிறையக் குறையும், விறைப்பு கொஞ்சம்தான் குறையும். இப்படிச் செய்த வாள்கள் பல ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் இருக்கும். கணக்குப் போடாமல், கை அனுபவத்திலேயே இதைக் கண்டுபிடித்தார்களே, அதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

கட்டடத்தில் கூரை தாங்கும் இரும்பு கர்டரைப் பாருங்கள். மேலும் கீழும் அகலம், நடுவில் மெல்லிய தகடு. குறைந்த இரும்பில் அதிக பலம் என்ற அதே யோசனைதான்.

இது இரத்தம் வழிந்தோடவோ, குத்திய கத்தியைச் சுலபமாக உருவவோ வெட்டிய பள்ளம் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையல்ல, பள்ளமே இல்லாத கத்தியும் உடலில் ஒட்டிக்கொள்வதில்லை.