வெள்ளையடித்துப் பாழாக்கினார்களா? – ஹிமேஜி கோட்டை குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் வெளியான ஜப்பானின் ஹிமேஜி கோட்டைப் படங்களைப் பார்த்த வாசகர்கள் பலர் அதன் பராமரிப்பைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் சில கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம்.

சீரமைப்புக்கு முந்தைய படத்தில் சாம்பல் படர்ந்து கம்பீரமாக நின்ற கோட்டை, பிந்தைய படத்தில் நேற்றுத் திறந்த கல்யாண மண்டபம் போலப் பளபளக்கிறதே! பழமையை வெள்ளையடித்து அழித்துவிட்டார்களா? (வாசகர், கும்பகோணம்)

தாங்கள் அதிர்ந்தது போலவே ஜப்பானியர்களும் அதிர்ந்தார்கள். ஐந்தரை ஆண்டு வேலை முடிந்து 2015 மார்ச்சில் கோட்டையின் நடுக்கோபுரம் மீண்டும் திறக்கப்பட்டபோது, வெள்ளை அளவு மீறிப் போய்விட்டது என்று கேலி செய்தவர்கள் அந்த நாட்டிலேயே ஏராளம். ஆனால் அப்பகுதியை ஆண்ட பிரபு இக்கேடா தெருமாசா 1609-இல் கட்டி முடித்த கோபுரமும் வெள்ளைக் கோபுரம்தான். நாம் பழமை என்று ரசித்த சாம்பல் நிறத்தில் பெரும்பங்கு மழை ஈரத்தில் வளர்ந்த பூஞ்சணமும், அதில் ஒட்டிய தூசியுமே ஆகும்.

மேலே பூசப்பட்டிருப்பது பெயின்ட் அன்று. நீற்றிய சுண்ணாம்பில், வேகவைத்த கடற்பாசியிலிருந்து எடுத்த பசையையும் சணல் வகை நாரையும் கலந்து குழைத்த சாந்து அது. கடற்பாசிப் பசை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சாந்து அவசரமாக உலர்ந்து பாளம் விடுவதில்லை. விரிசல் ஓடாமல் நார் பார்த்துக்கொள்கிறது. சுவர்களில் மட்டுமல்லாமல் கூரையிலும் இந்தச் சாந்து இருக்கிறது. ஓடுகள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளின் மேல் அதை மேடாக அப்பி வழித்திருக்கிறார்கள். காற்றில் ஓடு நகராமலும், மூட்டு வழியே மழைநீர் இறங்காமலும் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இதனால்தான் ஓடு கருஞ்சாம்பல் நிறமாக இருந்தும், தொலைவிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கூரையே வெளுத்துத் தெரிகிறது.

இந்தச் சாந்தில் விரிசல் விழுந்தால் நீர் உள்ளே போய் மண்சுவரை நனைக்கும். மண்சுவர் நனைந்தால் அதற்குள் இருக்கும் மரச்சட்டம் உளுத்துப்போகும். நானூறு ஆண்டு மரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் மேல்பூச்சைத் தேயவிட்டு, தேய்ந்ததும் மறுபடி பூசுவதுதான் வழி. பூச்சின் கறையை அழகு என்று போற்றிக்கொண்டு மரத்தை இழப்பது ரசனை ஆகாது என்பது எமது கருத்து. தவிர, தங்களை உறுத்திய பளபளப்பு நிலைத்து நிற்கவும் இல்லை. சில ஆண்டுகளிலேயே மங்கத் தொடங்கிவிட்டது.

2009 அக்டோபரில் தொடங்கிய இந்த வேலைக்குச் சுமார் 240 கோடி யென் செலவானது. கோபுரத்தைச் சுற்றி இன்னொரு கட்டடத்தையே எழுப்பி மூடிவிட்டு, மூடிய திரையில் கோபுரத்தின் கோட்டுருவத்தை வரைந்து வைத்தார்கள். உள்ளே மின்தூக்கி அமைத்து, கூரை மட்டத்துக்கே பார்வையாளர்களை ஏற்றி, ஓடு வேய்பவர்களையும் சாந்து பூசுபவர்களையும் கண்ணெதிரே காட்டினார்கள். சாரம் கட்டியவுடன் 'அனுமதி இல்லை' என்று பலகை மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

உளுத்த மரத்தை மாற்றிக்கொண்டே போனால், பழைய கோட்டை என்று சொல்ல எதுதான் மிஞ்சும்? (வாசகர், காரைக்குடி)

நியாயமான கேள்வி. 1956 முதல் 1964 வரை இந்தக் கோபுரத்தை முழுவதுமாகப் பிரித்து மீண்டும் பொருத்தினார்கள். அதைத் தாங்கி நிற்பவை ஏறத்தாழ 25 மீட்டர் உயரமுள்ள இரண்டு பெருந்தூண்கள். பிரித்துப் பார்த்தபோது கிழக்குத் தூணில் அடிப்பகுதிதான் கெட்டிருந்தது. ஆகவே அடியை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே நிறுத்தினார்கள். மேற்குத் தூண் தேறாத நிலையில் இருந்ததால் முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று. புதிய தூண் ஒரே மரமாக இருக்க வேண்டும் என்று கிசோ மலைக்காட்டில் ஹினோக்கி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரம் தேடினார்கள். கொண்டுவரும்போது மரம் முறிந்துவிட்டது. கடைசியில் கிசோ மரம் ஒன்றையும், கசகதா ஷிண்டோ கோயில் வளாகத்து மரம் ஒன்றையும் மூன்றாம் தளத்தருகே இணைத்துத்தான் தூணை நிறுத்த முடிந்தது.

கெட்ட அளவுக்கு மட்டும் வெட்டி எடுத்து, அதே இன மரத்தைப் பழைய இணைப்பு முறையிலேயே சேர்ப்பது அவர்களுடைய நெறி. இந்த நெறியை ஓரிடத்தில் அவர்களே தளர்த்தினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 6,000 டன் எடையைத் தாங்க மாட்டாமல் அஸ்திவாரக் கற்கள் அமிழ்ந்து, கோபுரம் தென்கிழக்காகச் சாய்ந்திருந்தது. எனவே கற்களை அகற்றிவிட்டு அடியில் கான்கிரீட் அஸ்திவாரம் போட்டார்கள். அகற்றிய கற்களைக் கோட்டை வளாகத்திலேயே, முன்பு கிடந்த வரிசை மாறாமல் பரப்பி வைத்திருக்கிறார்கள். எதை மாற்றினோம் என்பதை மறைக்கவில்லை. மண்ணுக்கடியில் கண்ணுக்குப் படாத இடத்தில், வேறு வழியில்லாதபோது செய்த இந்த மாற்றத்தில் எமக்குக் குறை தெரியவில்லை.

கோபுரத்தையே கான்கிரீட்டில் கட்டினால் என்னாகும் என்பதற்கு நகோயா நகரக் கோட்டை சான்று. 1945 விமானத் தாக்குதலில் எரிந்த அந்தக் கோட்டைக் கோபுரத்தை 1959-இல் கான்கிரீட்டில் எழுப்பினார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும் வலு போதாது என்று 2018-இல் உள்ளே செல்வதற்குத் தடை விதித்துவிட்டார்கள்.

இவ்வளவு மரம் இருக்கும் இடத்தில் தீ பிடித்தால்? (வாசகர், ஈரோடு)

அதுதான் பெரிய கவலை. 1945 ஜூலையில் ஹிமேஜி நகரமே எரிந்த இரவில், கோபுரத்தின் மீது விழுந்த தீக்குண்டு வெடிக்காமல் போனதால் கோட்டை பிழைத்தது. அதிர்ஷ்டத்தை நம்பியிருக்க முடியாது என்பதை 1949 ஜனவரி 26 அன்று ஹோர்யூஜி என்னும் பழமையான பௌத்தக் கோயிலில் பிடித்த தீ உணர்த்தியது. அடுத்த ஆண்டே பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தீ பிடித்த அந்த ஜனவரி 26-ஆம் தேதியில் இன்றும் நாடெங்கும் மரபுக் கட்டடங்களில் தீயணைப்பு ஒத்திகை நடக்கிறது. அப்படியிருந்தும் 2019 அக்டோபர் 31 அன்று ஒகினாவாவின் ஷுரி கோட்டையில் தீ பற்றி, முதன்மை மண்டபம் சாம்பலானது. 1992-இல் மீண்டும் கட்டப்பட்ட அந்த மண்டபத்தின் உள்ளே தானாக நீர் தெளிக்கும் கருவி இருக்கவில்லை.

சரிந்த கற்சுவரை மீண்டும் அடுக்குவது கொத்தனார் வேலைதானே, அதற்கு எதற்கு இத்தனை ஆண்டுகள்? (வாசகர், யாழ்ப்பாணம்)

2016 ஏப்ரல் நிலநடுக்கத்தில் குலைந்த குமமோத்தோ கோட்டையை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறோம். அங்கே ஒரு காவல் மாடத்தின் அடியில் சுவர் சரிந்து, மூலையில் ஒற்றை வரிசையாக எஞ்சிய கற்களின் மேல் மாடத்தின் ஒரு முனை தொங்கிக்கொண்டு நின்ற காட்சியைப் பலர் கண்டிருப்பீர்கள். அந்தச் சுவர்களில் ஒவ்வொரு கல்லும் அதனதன் இடத்துக்கென்று செதுக்கப்பட்டது. எனவே விழுந்த கல் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுப் படமெடுத்து, நிலநடுக்கத்துக்கு முந்தைய படங்களோடு கணினி வழியே ஒப்பிட்டு, அது இருந்த இடத்தைக் கண்டுபிடித்த பிறகே அடுக்குகிறார்கள். 1960-இல் கான்கிரீட்டில் கட்டிய கோபுரம் 2021-இல் சீராகிவிட்டது. கற்சுவர்கள் உட்பட முழுப் பணியும் 2037-இல் முடியும் என்று முதலில் அறிவித்தவர்கள், பிறகு அதை 2052-க்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.