சூடானதும் அடங்கும் 'டிக் டிக்' ஓசை

கேள்வி: 15 ஆண்டுகள் ஓடிய என் டீசல் எஸ்யூவியில், காலையில் இன்ஜினை இயக்கியதும் 'டிக் டிக்' என்று ஓசை கேட்கிறது, சூடானதும் அடங்கிவிடுகிறது. அப்படியே ஓட்டலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஓட்ட வேண்டாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைத் திரட்டி வெளியேற்றும் வார்ப்பிரும்புக் குழாய்) கசியும்போது, வார்ப்பிரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை மூடுவதால்தான் ஓசை பெரும்பாலும் இப்படி அடங்குகிறது. டேப்பெட் (வால்வுகளை இயக்கும் பாகம்) ஓசையும் இதுபோலவே கேட்கும் என்பதால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மேனிஃபோல்டு இன்ஜினோடு சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கெட்டின் ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள், படிந்திருந்தால் ஐயமில்லை. கசியும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அது ஏசி வழியாக உள்ளே வந்துவிட்டால் குழந்தைகளுடன் பயணம் செய்வோர் உணரவே மாட்டார்கள் என்பதுதான் என் பெருங்கவலை.

புகையின் விசையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ இருந்தால், இந்தக் கசிவால் இழுவையும் குறையும்.

கடற்காற்றின் உப்பால் உங்கள் ஊரில் மேனிஃபோல்டை இன்ஜினோடு பிணைக்கும் ஸ்டட்கள் (திருகாணிகள்) துருவேறி இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்காமல் திருகினால், அவை இன்ஜினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே முறிந்து, சிறிய வேலை பெருஞ்செலவாகிவிடும். மேனிஃபோல்டின் முகப்பு வளைந்திருந்தால் லேத் பட்டறையில் சமன் செய்த பின்னரே புதிய கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகப் படிப்படியாக முடுக்கச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் பற்றவைப்பதைவிட மாற்றிவிடுவதே நல்லது. முறையாகச் சூடேற்றாமல் பற்றவைத்த வார்ப்பிரும்பு மீண்டும் விரிசல் விடக்கூடும்.