வாசகர் கேள்வி–பதில்: மாலை விருந்துக்கு எந்தக் கில்ட் உடை?

கேள்வி: கிளாஸ்கோவில் மூன்று ஆண்டுகளாகப் பொறியாளராக இருக்கிறேன். உடன் பணிபுரியும் ஸ்காட்லாந்து நண்பரின் திருமணம் அடுத்த மாதம் ஸ்டர்லிங் அருகே ஒரு பழைய மாளிகையில் நடக்கிறது. நான்கு மணிக்குத் திருமணம், ஏழு மணிக்கு விருந்து. அழைப்பிதழின் அடியில் 'பிளாக் டை அல்லது ஹைலாண்ட் உடை' (முறையான கறுப்பு மாலை உடை, அல்லது கில்ட்டோடு கூடிய ஸ்காட்லாந்து மரபுடை) என்று அச்சிட்டிருக்கிறார்கள். நண்பர் என்னைக் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், முழங்கால் அளவுள்ள கொசுவ உடை) உடுத்தி வரும்படி அன்போடு கேட்டிருக்கிறார். வாடகைக் கடையில் சாம்பல் நிற ட்வீட் (முரட்டுக் கம்பளி) கோட்டு ஒன்றையும் வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டு ஒன்றையும் காட்டினார்கள். எனக்கு ட்வீட்தான் பிடித்திருக்கிறது. எதை எடுப்பது? ஸ்காட்லாந்துக்காரன் அல்லாத நான் கில்ட் உடுத்துவதை யாரேனும் தவறாக நினைப்பார்களா? ஊரில் அப்பாவோ, "வேட்டி கட்டிக்கொண்டு போயேன்" என்கிறார்.

பதில்: கறுப்புக் கோட்டையே எடுங்கள். ட்வீட் அழகான துணிதான். ஆனால் அது பகலுக்கும் வெளியிடத்துக்கும் உரியது. அழைப்பிதழில் 'பிளாக் டை' என்ற சொல் இருக்கும்போது ட்வீட் கோட்டோடு உள்ளே நுழைந்தால், தடுத்து நிறுத்த மாட்டார்கள் என்றாலும், விருந்து முடியும்வரை உங்களுக்கே ஒரு கூச்சம் இருந்துகொண்டிருக்கும்.

எடின்பரோவில் இப்படியொரு வாடகைக் கடையில் சில ஆண்டுகள் அளவெடுக்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வருகிறவர்கள் அனைவரும் முதலில் கில்ட்டின் நிறத்தைப் பற்றியே கவலைப்படுவார்கள். உண்மையில் கில்ட்டுக்குப் பகலும் இல்லை, இரவும் இல்லை. காலையில் மலைப்பாதையில் நடக்கிறவரும் இரவில் விருந்து மண்டபத்துக்குப் போகிறவரும் ஒரே கில்ட்டை உடுத்தலாம். நம் வீட்டுக் கல்யாணத்தில் அதே வேட்டி பந்தி பரிமாறும்போது தோளில் துண்டோடும், மாலை வரவேற்பில் பட்டுச் சட்டை அங்கவஸ்திரத்தோடும் நிற்பதில்லையா, அது போலத்தான். நேரத்தையும் இடத்தின் மரியாதையையும் காட்டுபவை கோட்டு, சட்டை, இடுப்புக்கு முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற பை, காலணி ஆகிய நான்கும்தான்.

உங்களுக்குக் காட்டிய கறுப்புக் கோட்டு, முன்பக்கம் இடுப்போடு நின்று பின்பக்கம் சிறு வால்களோடு இருந்தால், அதற்குப் பிரின்ஸ் சார்லி என்று பெயர். அதோடு மூன்று பொத்தான் வைத்த, கழுத்து தாழ்ந்த வெயிஸ்ட் கோட்டு, அதாவது கையில்லாத உட்கோட்டு, வரும். கோட்டின் பொத்தானைப் போட வேண்டியதில்லை. அது திறந்தபடியே இருப்பதற்காகத் தைக்கப்பட்டது. உள்ளே மடிப்புக் காலர் வைத்த வெள்ளைச் சட்டையும், வண்ணத்துப்பூச்சி போல் முடிச்சிடும் கறுப்பு போ டையும் போதும். கடைக்காரர் டார்டானுக்கு, அதாவது கில்ட்டின் வண்ணக் கட்டத் துணிக்கு, பொருத்தமாக வண்ண டை ஒன்றை எடுத்துக் காட்டினால் பணிவோடு மறுத்துவிடுங்கள். ஆர்கைல் என்று இன்னொரு கோட்டும் இருக்கிறது; நீள டையோடு பகலுக்கும் போ டையோடு மாலைக்கும் அது ஈடுகொடுக்கும். சொந்தமாக ஒன்றே ஒன்று வாங்குவதானால் அதைத்தான் சொல்வேன். ஒரு நாள் வாடகைக்கு, அதுவும் இப்படியோர் அழைப்பிதழுக்கு, பிரின்ஸ் சார்லியே சரி. நான்கு மணிக்கே அதை அணியலாமா என்ற தயக்கம் வேண்டாம்; ஸ்காட்லாந்துத் திருமணங்களில் பிற்பகலிலிருந்தே அதை அணிவது இன்று வழக்கமாகிவிட்டது.

ஸ்போரனில் பழுப்புத் தோல் பகலுக்கானது. மேலே வெள்ளிப் பட்டையும் முன்னால் மென்மயிரும் வைத்து, சங்கிலியில் தொங்குவது மாலைக்கானது. அதன் மேல்விளிம்பு வெயிஸ்ட் கோட்டின் நுனியிலிருந்து நான்கு விரற்கடை கீழே இருக்கட்டும். வெயிஸ்ட் கோட்டு இருக்கும்போது அகலத் தோல் பெல்ட் கூடாது. கில்ட்டின் கீழ்மூலையில் குத்தும் ஊசியை, முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு மடிப்புகளில் மேல்மடிப்பில் மட்டும் குத்துங்கள். இரண்டு மடிப்புகளையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி இழுபட்டுக் கிழியும். அப்படிக் கிழிந்து திரும்பி வந்த கில்ட்டுகளைக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

ஏனென்றால் அந்தத் துணியின் உழைப்பு அத்தகையது. முழுக் கில்ட் ஒன்றுக்கு எட்டு கஜம் கம்பளித் துணி பிடிக்கும். நம் எட்டு முழ வேட்டியைப் போல் இரண்டு மடங்கு, மடிசாருக்கு ஒரு கஜம்தான் குறைவு. அதில் பெரும்பகுதி பின்பக்கக் கொசுவத்துக்குள் போகிறது. நல்ல தையற்காரர் ஒவ்வொரு கொசுவத்தையும், மடித்த பின்னும் டார்டானின் கட்டம் பிசகாமல் தொடரும்படி எண்ணி மடித்துக் கையால் தைப்பார். அதைக் கெடுக்காமல் உடுத்துவதற்கு அளவு சரியாக இருக்க வேண்டும். கால்சட்டையின் இடுப்பளவைச் சொல்லாதீர்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கால்சட்டை இடுப்பெலும்பில் நிற்கும், கில்ட்டோ தொப்புள் உயரத்தில் நிற்கும். இரண்டின் சுற்றளவும் ஒன்றாக இருப்பது அரிது. கடையில் அணிந்து பார்க்கும்போது நிமிர்ந்தபடி தரையில் மண்டியிடுங்கள். கில்ட்டின் விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால், எழுந்து நிற்கையில் அது முழங்காலின் நடுவில் வந்து நிற்கும்.

உடுத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கொசுவம் முதுகுப்பக்கம் இருக்க, உள்மடிப்பின் வாரை இடுப்பின் இடப்பக்கத் துளை வழியே வெளியே எடுத்து பக்கிளில் மாட்டுங்கள். பிறகு மேல்மடிப்பை வலப்பக்கம் கொண்டுவந்து அங்குள்ள வார்களை மாட்டுங்கள். நூல் தொங்கும் விளிம்பு வலத்தொடையின் மேல் விழ வேண்டும். இடப்பக்கம் விழுந்தால் திருப்பிக் கட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். வாடகை உடை என்பதால் உள்ளாடை அவசியம். காலுறையை முழங்காலுக்கு மூன்று விரற்கடை கீழே மடித்துவிடுங்கள். கில்லி என்னும் காலணியில் நாக்கு இருக்காது. அதன் நீளமான கயிற்றை முன்னால் சில முறை முறுக்கி, கணுக்காலைச் சுற்றிக் கொண்டுவந்து, முன்பக்கம் முடிச்சிட வேண்டும். வீட்டில் இரண்டு முறை பழகிக்கொள்ளுங்கள். உட்காரும் முன் புறங்கையால் கொசுவத்தைக் கீழே ஒதுக்கிவிடுவதையும் அப்போதே பழகலாம்.

இனி உங்கள் தயக்கம். டார்டானை இன்னார்தான் உடுத்தலாம் என்று சட்டம் எதுவும் கிடையாது. பால்மோரல் என்ற ஒன்றை மட்டும் அரச குடும்பத்துக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள். எந்தக் கடையிலும் அதை உங்களிடம் நீட்டப் போவதில்லை. மணமகன் வீட்டார் தங்கள் குடும்ப டார்டானை உடுத்தச் சொன்னால் அதைப் பேறாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் எதுவும் சொல்லாவிட்டால், கரும்பச்சையும் கருநீலமும் கலந்த பிளாக் வாட்ச் கறுப்புக் கோட்டுக்கு மிக நன்றாக இசையும். எந்தக் குலத்தையும் சாராதவர்கள் நெடுங்காலமாக உடுத்திவரும் டார்டான் அது.

இந்த உடைக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் கொடுத்த விலையையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. 1746-இல் கல்லோடன் போரில், ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணையேற்றப் போராடிய ஜாக்கபைட் படை தோற்ற பின், படைவீரர் அல்லாத ஆண்கள் ஹைலாண்ட் உடை அணிவதை நாடாளுமன்றம் தடை செய்தது. 1747 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் தடையை மீறினால் முதல் முறை ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். 1782-இல்தான் அது நீங்கியது. நாற்பது ஆண்டு கழித்து, 1822-இல், எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜார்ஜ் மன்னரே அங்கே கில்ட் உடுத்தினார். ஒருகாலத்தில் சிறைக்கு அனுப்பிய உடைதான் உங்கள் அழைப்பிதழில் பிளாக் டைக்குச் சமமாக அச்சாகியிருக்கிறது. நமக்கு இது புரியாத கதை அல்ல. வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை 2014-இல் சென்னையில் ஒரு கிளப்புக்குள் விட மறுத்ததும், அதே ஆண்டு நம் சட்டமன்றம் அதற்கு எதிராகச் சட்டம் இயற்றியதும் நினைவிருக்கும்.

ஆகவே உங்கள் தந்தையார் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. பட்டுக்கரை வேட்டியும் அங்கவஸ்திரமும் எந்த மண்டபத்துக்கும் தகும்; மணவீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இம்முறை மணமகனே வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். தன் உடையை நீங்களும் உடுத்த வேண்டுமென்று ஒருவர் ஆசைப்படுவது உங்களைத் தன் வீட்டாருள் ஒருவராக வைப்பதாகும். கில்ட்டிலேயே போங்கள், அப்பாவுக்குப் படம் அனுப்புங்கள்.

கேள்வி: வாடகைத் தொகுப்பில் காலுறைக்குள் செருகும் சிறு கத்தியும் வருகிறதாமே? அது சட்டப்படி சரியா? (அபர்டீன் வாசகர்)

பதில்: அதன் பெயர் ஸ்கீன் டூ. வலக்கைக்காரர்கள் வலக்காலுறையில், பிடியின் மேற்பகுதி மட்டும் தெரியும்படி செருகுவார்கள். பொதுவிடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம், தேசிய உடையின் பகுதியாக அணிவதற்கு விலக்கு அளிக்கிறது. ஆயினும் அரங்க நிர்வாகம் வேண்டாமென்றால் வேண்டாம்தான்; முன்னதாகக் கேட்டுவிடுங்கள். அலகே இல்லாமல் பிடி மட்டும் உள்ளதையும் கடைகளில் தருகிறார்கள். விமானத்தில் செல்வதானால் கைப்பையில் வைக்காமல், சரக்காக அனுப்பும் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: கணவர் கில்ட் உடுத்துகிறார். நான் காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் மேல் அதே டார்டானில் சால்வை போட்டுக்கொள்ளலாமா? (எடின்பரோ வாசகி)

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தச் சால்வையைப் பெண்கள் பொதுவாக வலத்தோளில் ஊசி குத்தி அணிகிறார்கள். உங்கள் முந்தானையோ இடத்தோளில் இருக்கும். இரண்டும் மார்பில் குறுக்கே வெட்டிக்கொள்ளும். சரிகைக்கரையின் அழகும் போகும், கட்டத்தின் அழகும் போகும். கணவரின் டார்டானில் ஓடும் வரிகளில் ஒன்றின் நிறத்தைப் பார்த்து, அந்த நிறத்தில் சேலை எடுங்கள்.